உங்கள் பக்கத்துக் கதிரை

அண்ணை,

நேற்றுக் காலை போர்கோ வெக்கியோ சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போனேன். மீன் விற்கிறவனுக்கு அடுத்ததாக, வாளி, துடைப்பம், உடுப்புக் காயப்போடும் கிளிப் என்று பிளாஸ்டிக் சாமான்களைப் பரப்பி வைத்திருப்பானே ஒருவன், அவனுடைய மேசையில் வெள்ளைக் கப்புகள் நீளமான பைகளில் கிடந்தன. ஒருமுறை குடித்துவிட்டு எறிகிற மெல்லிய கப்புகள். வெயில் பட்டு அவற்றிலிருந்து ஒரு மணம் எழும்பியது. சூடான தேநீரை ஊற்றும்போது வருமே, அதே மணம். எனக்குக் கால் நகரவில்லை. எத்தனை வேண்டும் என்று அவன் கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். வெங்காயமும் வாங்கவில்லை.

நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. இதை நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருக்கிறவருக்குக் கடிதம் எதற்கு என்று அப்போது நினைத்திருப்பேன். வாயால் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் அந்த மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் கீழே சந்தையின் சிவப்புச் சீலைக் கூரைகள் தெரியும். யாழ்ப்பாணத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த நான், இத்தாலியில் ஒரு வயோதிப சிஞ்ஞோராவின், வீட்டுக்காரப் பெண்மணியின், வீட்டைத் துடைத்துச் சமைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். வந்த முதல் நாள் நீங்கள்தான் சோறு போட்டுத் தந்தீர்கள். நான் சாப்பிடத் தொடங்கும் முன்னரே கேட்டேன், எந்த ஊர் என்று. சொன்னீர்கள். "ஊரில எந்தப் பக்கம்?" என்றேன். யாழ்ப்பாணத்தான் இன்னொரு யாழ்ப்பாணத்தானிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவன் திசையைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கிறான் என்று இருவருக்கும் தெரியும்.

நீங்கள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தீர்கள். "தம்பி, நீங்கள் கேக்கிறது எனக்கு விளங்குது. சுத்தி வளைக்கத் தேவையில்லை. உங்கட ஆக்கள் தேத்தண்ணிக் கடைக்குள்ள இருந்து குடிக்கேக்க, வெளியில நிண்டு போத்தல்ல வாங்கிக் குடிச்ச ஆக்கள் நாங்கள். போதுமோ? சாப்பிடுங்கோ, சோறு ஆறுது."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய் வந்தவர் சப்பாத்தைக் கழற்றுவதுபோல் அதைக் கழற்றி வைத்துவிட்டீர்கள். நான் குனிந்து சாப்பிட்டேன்.

என்னைவிட ஐந்து வயது மூத்தவர் நீங்கள். ஊரிலென்றால் பேரைச் சொல்லி, நீ என்று கூப்பிட்டிருப்பேன். என் தகப்பனார் உங்கள் தகப்பனாரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார். இங்கே ஒரு மாதத்துக்குள் 'அண்ணை' என்று வாயில் வந்துவிட்டது. ஒரே சட்டியில் தின்றோம், ஒரே கிளாசில் தண்ணீர் குடித்தோம். அதையெல்லாம் நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு ஓய்வு. அப்படி ஒரு வியாழனில்தான், ஏன் உங்களை எல்லாரும் கப்பல்காரர் என்கிறார்கள் என்று கேட்டேன். நீங்கள் கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டியை இழுத்தீர்கள். பொலித்தீனில் சுற்றிய ஒரு பழைய படப்புத்தகம். ஆங்கிலம். அமெரிக்கக் கறுப்பு மக்களின் போராட்டத்தைப் பற்றியது. ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கியதாகச் சொன்னீர்கள்.

எழுபதுகளில் நீங்கள் கிரேக்கர்களின் சரக்குக் கப்பலொன்றில் சமையல் உதவியாளாக இருந்தீர்கள். கப்பல் அமெரிக்காவின் தெற்கே அலபாமாவில் மொபைல் என்ற துறைமுகத்தில் நின்றது. பொதி இறக்க வந்த ஒரு கறுப்பு மனிதர், உங்கள் வயதுக்காரர், உங்களோடு சிகரெட் பிடிக்கிற அளவுக்குப் பழகி, ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வா என்று ஊருக்குள் கூட்டிப்போனார். சாப்பாட்டுக் கடைக்குள் அவர் நுழைந்துவிட்டார். நீங்கள் வாசலில் நின்றுகொண்டீர்கள்.

"ஏன் நிண்டனான் எண்டு எனக்கே தெரியாது தம்பி. கால் நிண்டுட்டுது. அவர் கொண்டுவந்து தருவார் எண்டு நிக்கிறன். அவர் உள்ளுக்க ஒரு மேசையில இருந்து என்னைப் பாக்கிறார். பிறகு வெளியில வந்து, ஏன் வரேல்லை, காசில்லையோ எண்டு கேட்டார். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன். எங்கட ஊரில நாங்கள் உள்ளுக்குப் போறேல்லை. பழக்கம்."

அந்த மனிதர் சிரிக்கவில்லை என்றீர்கள். கொஞ்ச நேரம் உங்களோடு வாசலிலேயே நின்றாராம். 'என் தகப்பனும் இப்படித்தான் நின்றார்' என்றாராம். பிறகு உங்கள் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போய், பொரித்த மீனை முன்னால் வைத்துக்கொண்டு தன் தாயைப் பற்றிச் சொன்னார். அவர் பிறந்தது அதே மாநிலத்தில் மொன்ட்கொமரி நகரம். தாய் வெள்ளைக்காரர் வீடுகளில் துணி துவைத்தவர். பேருந்துகளில் கறுப்பரை எழுப்பிவிடும் சட்டத்தை எதிர்த்து அந்த நகரத்துக் கறுப்பு மக்கள் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேருந்தில் ஏறாமல் இருந்த காலத்தில், போகவும் வரவும் நடந்தவர். இவர் அப்போது சின்னப் பையன். தாய் வேலையால் வந்ததும் சுடுதண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைப்பது இவருடைய வேலை.

அந்தக் கதையை நீங்கள் சொல்லி முடித்தபோது, கீழே மீன்காரன் தன் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தான். புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு படத்தில் சாப்பாட்டுக் கடையின் நீண்ட மேசைக்கு முன்னால் இளம் பிள்ளைகள் வரிசையாக இருக்கிறார்கள். பின்னால் கூட்டம். தலையில் சீனியும் சோசும் கொட்டியிருக்கிறது. அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் விரலை வைத்துக் காட்டினீர்கள். "இதில இருக்கிற பிள்ளையைப் பாருங்கோ. வெள்ளை. இந்தப் பிள்ளைக்கு எங்கையும் இருக்கலாம், எதையும் குடிக்கலாம். இஞ்சை வந்து இருந்திருக்கு. அதுக்கும் தலையில கொட்டியிருக்கினம்."

எனக்காகச் சொன்னீர்களோ, படத்தைப் பற்றித்தான் சொன்னீர்களோ, இன்றைக்கும் தெரியாது.

அடுத்த வருடம் நம்மோடு பழகிய மன்னார் அக்காவுக்கு அந்த லிஃப்ட் பிரச்சினை வந்தது. அக்கா ஒரு பெரிய கட்டடத்தில் படிகள் கழுவுகிறவர். லிஃப்ட் குடியிருப்பவர்களுக்கு மட்டும், வேலைக்காரர் வாளியோடு படியேறவேண்டும் என்று அந்தக் கட்டடத்தைப் பார்க்கிறவர் சொல்லிவிட்டார். ஐந்து மாடி. அக்காவுக்கு முழங்காலில் வீக்கம். இங்குள்ள நம் தமிழர் சங்கத்தில் எல்லாருக்கும் கோபம் வந்தது. தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் கூடுவோமே, அங்கே நிறவெறியைப் பற்றி ஒரு கூட்டம் வைக்கவேண்டும் என்று முடிவாயிற்று. நான்தான் செயலாளர். கப்பல்காரர் அமெரிக்காவைப் பற்றிப் பேசட்டும் என்று நான்தான் சொன்னேன். சங்கத் தலைவர் உடனே ஒப்புக்கொண்டார்.

உங்களிடம் வந்து சொன்னபோது ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "எல்லாம் சொல்லலாமோ?"

"ஓம் அண்ணை. சொல்லுங்கோ" என்றேன்.

எல்லாம் என்றால் எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் ஓம் என்றேன். அந்தக் கணத்தில் நான் உண்மையாகவே அதை விரும்பினேன் என்று இப்போதும் சொல்ல விரும்புகிறேன். அதனால் என்ன மாறப்போகிறது.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. நீங்கள் வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தீர்கள். நாலாய் மடித்த ஒரு கடதாசி கையில். ஆனால் அதைப் பார்த்து வாசிக்கவில்லை.

"அந்த ஊரில பஸ்ஸின்ர முன்பக்கம் வெள்ளைக்காரருக்கு, பின்பக்கம் கறுப்பருக்கு. நடுவில கறுப்பர் இருக்கலாம். ஆனா வெள்ளைக்காரர் ஏறி, இடமில்லையெண்டால் எழும்பவேணும். ஒரு நாள் வேலையால வந்த ஒரு பொம்பிளை எழும்பமாட்டன் எண்டிட்டா. பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போச்சுது. அதுக்குப் பிறகு அந்தச் சனம் பஸ்ஸில ஏறேல்லை. ஒரு கிழமை இல்லை, ஒரு மாதம் இல்லை, ஒரு வருசத்துக்கு மேல. ஆர் நடந்தது? உங்களை மாதிரி வீட்டு வேலைக்குப் போற பொம்பிளையள். தங்கட வீட்டு வேலை நிண்டுபோகும் எண்டு சில வெள்ளைக்காரச் சிஞ்ஞோராமாரே காரில வந்து ஏத்திக்கொண்டு போனவை."

பெண்கள் சிரித்தார்கள். பேருந்து வேலைநிறுத்த நாட்களில் நகரத்தின் ஓரத்திலுள்ள பிரான்காச்சோவிலிருந்து நடந்து வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மன்னார் அக்கா முன்வரிசையில் இருந்து, "கடைசியில என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"கோர்ட்டு சொல்லிச்சுது, அந்தச் சட்டம் பிழையெண்டு. பிறகு விரும்பின இடத்தில இருந்தவை. அதோட எல்லாம் முடியேல்லை. வோட்டுப் போட விடேல்லை, பள்ளிக்கூடத்தில விடேல்லை, வீடு குடுக்கேல்லை. ஒவ்வொண்டுக்கும் திரும்பத் திரும்ப முதலில இருந்து தொடங்கவேண்டியிருந்தது."

பிறகு கறுப்பு மாணவர்கள் நான்கு பேரின் கதைக்கு வந்தீர்கள். கடையில் பற்பசையும் அதுவும் இதுவும் வாங்கினார்கள், கடைக்காரர் காசை வாங்கிப் பற்றுச்சீட்டும் கொடுத்தார், அதே கடையின் சாப்பாட்டு மேசையில் போயிருந்து கோப்பி கேட்டபோது இல்லை என்றார்கள். கடை பூட்டும்வரை மாணவர்கள் எழும்பவில்லை. அடுத்த நாள் இன்னும் சிலர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் பலர். வேறு நகரங்களில் பிள்ளைகள் இதற்காக முன்கூட்டியே பழகினார்கள், ஒருவரையொருவர் திட்டி, முகத்தில் புகையை ஊதி, கதிரையை இழுத்து, அப்போதும் கையை ஓங்காமல் இருக்கப் பழகினார்கள் என்று நீங்கள் சொன்னபோது மண்டபத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். தலைவரும் துடைத்தார். நான் பார்த்தேன்.

"உங்களுக்குக் கண்ணீர் வருது. எனக்கும் வரும். ஆனா நான் இந்தக் கதையைக் கேக்க முன்னமே எனக்கு இது தெரியும். எங்கட ஊர்ச் சந்தியில ஒரு தேத்தண்ணிக் கடை. என்ர அண்ணனும் இன்னும் நாலைஞ்சு பேரும் ஒரு நாள் உள்ளுக்குப் போய் மர வாங்கில இருந்தவை. கிளாசில தேத்தண்ணி கேட்டவை. அவைக்கு அடிச்சது வெள்ளைக்காரர் இல்லை."

மண்டபத்தில் கதிரைகள் அசைந்தன.

"அண்ணை, இண்டைக்குத் தலைப்பு அமெரிக்காவெல்லோ" என்றார் தலைவர், சிரித்த முகத்தோடு.

"அமெரிக்காவைப் பற்றித்தான் கதைக்கிறன். அது எவ்வளவு கிட்ட இருக்குது எண்டு சொல்லுறன். என்ர அண்ணனுக்கு அடிச்ச ஆக்களில ஒராள்…"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழும்பினேன். "அண்ணை, நேரம் போட்டுது. பிள்ளையளும் களைச்சுப்போச்சினம். தேத்தண்ணியும் ஆறப்போகுது" என்றேன். இதைவிட வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கடதாசியை மடித்துச் சேட்டுப் பையில் வைத்தீர்கள். "சரி தம்பி. ஆறமுதல் குடியுங்கோ" என்றீர்கள்.

நீங்கள் யாரென்பது அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னரே தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தோம். அதை வாயால் சொன்னதுதான் குற்றமாகிவிட்டது. அன்று தேநீர் முடிந்து கிளாஸ்கள் கழுவும்போது நீங்கள் குடித்த கிளாஸ் மட்டும் ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்துக் கிடந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை நீங்கள் முகம் மழித்துக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி, "எல்லாம் சொல்லலாம் எண்டு சொன்னது நீங்கள்" என்றீர்கள். அவ்வளவுதான்.

தலைவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் கெட்ட மனிதர் அல்ல. என் வதிவிடப் பத்திரமான பெர்மெஸ்ஸோவுக்காகப் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூரா வாசலில் என்னோடு மணிக்கணக்காக வரிசையில் நின்றவர். வதிவிட அனுமதி இல்லாமல் தவித்த எத்தனையோ பேருக்கு வேலை தேடிக் கொடுத்தவர். என் தங்கச்சி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். அவருடைய மருமகனுக்கு, அக்காவின் மகனுக்கு, அவளைப் பேசியிருந்தோம். அவள் அங்கேயிருந்து வெளிக்கிட அதைவிட வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை நீங்கள்.

அடுத்த கிழமை தலைவர் என்னைக் கூப்பிட்டார். "பொம்பிளையள் முறைப்பாடு. கழுவிக் கழுவிக் கை வெடிக்குதாம். இனிப் பிளாஸ்டிக் கப் வாங்குவம். குடிச்சிட்டு எறியலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஆருக்கும் மனத்தாங்கல் இல்லை."

எவ்வளவு நல்ல சொற்கள். நான் போர்கோ வெக்கியோவில் இரண்டு பை வாங்கிக்கொண்டு போனேன். அதே கிழமையில்தான் மன்னார் அக்காவின் கட்டடத்துக்குச் சங்கத்தின் பெயரில் இத்தாலிய மொழியில் கடிதம் எழுதினேன். மனிதர் எல்லாரும் சமம் என்று அதில் இருந்தது. இரண்டு மாதத்தில் அக்காவுக்கு லிஃப்ட் சாவி கிடைத்தது.

அந்த ஞாயிறு நீங்கள் வந்தீர்கள். கப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள். "வாங்கினது நீங்களோ?"

"ஓம்."

"வசதிதான். கழுவத் தேவையில்லை."

நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வராமல் விட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அடுத்த ஞாயிறு நீங்கள் எல்லாருக்கும் முதல் வந்து முன்வரிசையில் இருந்தீர்கள். பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் கிளாஸ்களை எடுத்து முன்னாலிருந்த மேசையில் வைத்தீர்கள். நம் வீட்டுக் கிளாஸ்கள். தேநீர் வந்ததும் இரண்டிலும் ஊற்றினீர்கள். ஒன்றை நீங்கள் குடித்தீர்கள். மற்றதைப் பக்கத்துக் கதிரைக்கு முன்னால் வைத்தீர்கள். கதிரையில் யாரும் இல்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டையும் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனீர்கள்.

அதற்கடுத்த ஞாயிறும். அதற்கடுத்ததும். யாரோடும் சண்டை பிடிக்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. உங்களுக்கு இரு பக்கமும் வரிசை வெறுமையாயிற்று. நான் மேடையில் கூட்டக்குறிப்பு வாசிக்கும்போது அந்த இரண்டாவது கிளாஸில் தேநீரின் மேல் ஆடை படிவது தெரியும்.

ஒரு நாள் வீட்டில் எனக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று. "அண்ணை, நான் உங்களோட இஞ்சை ஒரே கிளாசில குடிக்கிறன்தானே. பிறகேன் அங்கை?"

நீங்கள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை. "வீட்டுக்குள்ள குடிக்கிறது பெரிசில்லைத் தம்பி. அந்த அமெரிக்கக் கடைக்காரரின்ர வீட்டிலயும் கறுப்புப் பொம்பிளையள்தான் சமைச்சவை. பிள்ளையளையும் அவையள்தான் வளத்தவை. வீட்டுக்குள்ள ஒரு குறையும் இல்லை. நாலு பேர் பாக்கிற இடத்தில பக்கத்தில இருக்கிறதுதான் அவைக்கு ஏலாமல் இருந்தது."

தங்கச்சியின் முகத்தை நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு மருந்தைப் போல.

எத்தனையாவது ஞாயிறு என்று நினைவில்லை. மழைக்காலம். மன்னார் அக்கா பிந்தி வந்தார். மண்டபத்தில் கதிரை எதுவும் மிச்சமில்லை, உங்கள் வரிசையைத் தவிர. நேராக வந்து உங்கள் பக்கத்தில் இருந்தார். பின்னாலிருந்து யாரோ, "அக்கா, இஞ்சாலை வாங்கோ, நாங்கள் நெருங்கியிருக்கிறம்" என்றார்கள். அக்கா திரும்பாமல், "எனக்குக் கால் நோகுது. இருந்த இடத்தில இருக்கவிடுங்கோ" என்றார். பிறகு கிளாஸைப் பார்த்து, "இது ஆரின்ர?" என்று கேட்டார்.

"உங்கட" என்றீர்கள்.

அக்கா எடுத்துக் குடித்தார். சீனி காணாது என்றார்.

அந்த மண்டபத்தில் நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு கிழமையும் அங்கேதான் இருந்தார். அவருடைய மகள் வந்தாள். பிரான்காச்சோவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். நீங்கள் நாலு கிளாஸ், ஐந்து கிளாஸ் கொண்டுவரத் தொடங்கினீர்கள். அதோடு சிலர் சங்கத்துக்கு வராமல் விட்டார்கள். வேறிடத்தில் இன்னொரு சங்கம் தொடங்கினார்கள். பிளாஸ்டிக் கப்பும் நிற்கவில்லை. முன்வரிசையில் கண்ணாடி, பின்வரிசைகளில் பிளாஸ்டிக்.

தங்கச்சி வந்து சேர்ந்தாள். கலியாணத்துக்கு அழைக்கிறவர்களின் பெயர்களை நான்தான் எழுதினேன். உங்கள் பெயரை எழுதினேன், பிறகு வெட்டினேன். நீங்கள் கேட்டீர்கள், "கலியாணம் எண்டு கேள்விப்பட்டன்." "ஓம் அண்ணை, சின்னனாத்தான்" என்றேன். "சின்னனெண்டால் நல்லது. கரைச்சல் இல்லை" என்றீர்கள். அன்று காலை நான் வேட்டி கட்டும்போது நீங்கள் தலைப்பைப் பிடித்து மடித்துக் கொடுத்தீர்கள். அதன்பின் வேலைக்குப் போனீர்கள்.

கலியாணம் முடிந்து மூன்றாம் ஞாயிறு, மேடையில் குறிப்பு வாசித்து முடித்து, இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் இருந்தேன். அக்கா அன்று வரவில்லை. நீங்கள் தேநீரை ஊற்றிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "இப்ப உங்களுக்கு நட்டமில்லை" என்றீர்கள்.

"இல்லை" என்றேன்.

"பறுவாயில்லை. அமெரிக்காவிலயும் கனபேர் பயமில்லை எண்டான பிறகுதான் வந்தவை. வந்து இருந்தவைதானே. குடியுங்கோ."

அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் அப்படித் தரவும் இல்லை. கதிரைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் இருந்தேன்.

போன ஓகஸ்டில், வீட்டுக்காரரெல்லாம் கடற்கரைக்குப் போய் நகரம் வெறிச்சோடிக் கிடந்த நாட்களில், வேலை செய்த கட்டடத்தின் இரண்டாம் மாடிப் படியில் நீங்கள் துடைப்பத்தோடு இருந்துவிட்டீர்கள். இருந்தபடியே போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் இதயம் என்றார்கள். வவுனியாவிலிருந்து உங்கள் மனைவி தொலைபேசியில், "கடைசியா என்ன சொன்னவர்?" என்று கேட்டார். காலையில் பால் முடிந்துவிட்டது, வாங்கிவாங்கோ என்று சொன்னதைச் சொன்னேன். அதைக் கேட்டு அழுதார். அந்தப் படப்புத்தகத்தை உங்கள் மகளுக்கு அனுப்பினேன். கிடைத்ததோ தெரியாது.

உங்களைப் புதைத்த அன்று தலைவர் பேசினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தைப் பற்றி அருமையாகப் பேசிய சமூகத் தொண்டர் என்றார். அவருக்குக் குரல் தழுதழுத்தது. அது நடிப்பு அல்ல. அந்தப் பேச்சின் பாதியைத்தான் அவர் கேட்டிருந்தார், அந்தப் பாதியை உண்மையாகவே நேசித்தார். மற்றப் பாதியைச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. வெயில் அதிகமாக இருந்தது, எல்லாரும் களைத்திருந்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி, போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவும்.

ஞாயிறு காலையில் அதே மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். பதினொரு பிள்ளைகள். தலைவரின் கடைசி மகள், பத்து வயது, கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாஸ்டர், எங்கட பள்ளிக்கூட மாயெஸ்த்ரா அமெரிக்காவில பஸ்ஸில எழும்பாத அம்மாவைப் பற்றிச் சொல்லித் தந்தவா. உங்கட நாட்டிலயும் இப்பிடி நடந்ததோ எண்டு வீட்டில கேட்டு எழுதச் சொன்னவா."

"அப்பாட்டக் கேட்டனீங்களோ?"

"ஓம். சிங்களவர் எங்களுக்குச் செய்தவை எண்டு சொன்னவர்."

"அது உண்மை. எழுதுங்கோ."

அவள் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "வேற?" என்று கேட்டாள்.

பிள்ளை சும்மாதான் கேட்டாள். கொப்பியில் இன்னும் இடம் இருந்தது. கையிலிருந்த சோக்கை மேசையில் வைத்தேன். பிறகு, "நாங்களும் செய்தனாங்கள்" என்றேன். கடை வாசலில் நிற்கவைத்ததை, போத்தலில் கொடுத்ததை, உள்ளே வந்து இருந்தவர்களை அடித்ததை, கோயிலுக்குள் விடாததை, ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கக்கூடிய மாதிரிச் சொன்னேன். மற்றப் பிள்ளைகளும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"நாங்கள் எண்டால் ஆர், மாஸ்டர்?"

"என்ர அப்பா. உங்கட அப்பப்பா. பிறகு நானும்."

"நீங்களுமோ? இஞ்சையோ?"

"ஓம். இந்த மண்டபத்தில."

அவள் அதை இத்தாலிய மொழியில் எழுதினாள். அந்த மொழியில் 'நாங்கள்' என்பதற்கு 'நோய்' என்றுதான் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகள் அதை வைத்துச் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

பின்னேரம் தலைவர் தொலைபேசி எடுத்தார். "பிள்ளையளுக்கு உதெல்லாம் தேவையோ? நாங்கள் மறந்துகொண்டு வாறம், நீங்கள் கிளறுறியள்."

"மறக்கிறதெண்டால் சொல்லிப்போட்டு மறப்பம்" என்றேன்.

அவர், "உங்கட தங்கச்சியையும் யோசியுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். தங்கச்சி இரண்டு கிழமையாக என்னோடு கதைக்கவில்லை. அவள் கணவன் படியில் கண்டால் தலையாட்டுகிறான். பதினொரு பிள்ளைகளில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். தலைவரின் மகள் நின்றுவிட்டாள். கொப்பியில் அவள் எழுதியதை ஆசிரியையிடம் கொடுத்தாளா, தகப்பன் அந்தத் தாளைக் கிழித்தாரா, எனக்குத் தெரியாது.

இதை வெற்றி என்று உங்களுக்கு எழுதவில்லை, அண்ணை. நீங்கள் அந்தச் சொல்லைப் பாவித்து நான் கேட்டதில்லை. திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது என்று அன்று சொன்னீர்களே, அதுதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதைச் சொன்னபோது உங்கள் குரலில் வீரம் ஒன்றும் இருக்கவில்லை. அலுப்புத்தான் இருந்தது. அலுப்போடும் செய்யலாம் என்பதை உங்களிடம்தான் கண்டேன்.

நாளை ஞாயிறு. ஐந்து பிள்ளைகள் வருவார்கள், மழை பெய்தால் மூன்று. எனக்கு உடம்பு சரியில்லை, படுத்திருக்கலாம் போலிருக்கிறது. ஆனால் பத்து மணிக்கு மண்டபத்தைத் திறக்கவேண்டும். சாவி என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் ஒருவரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.